புகைபோக்கி உயரத்தைத் தாண்டும் வரை

எண்ணூர் பக்கம் போகிறவர்களுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வெகுதூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். 200 மீட்டருக்கு மேல் உயரம். உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். பொழுது சாய்ந்தால் சிவப்பு விளக்கு எரியும். தாழப் பறக்கும் சிறு விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் ‘இங்கே தடை நிற்கிறது’ என்று சொல்லும் அடையாளங்கள் அவை.

அந்த உயரத்தை வேறொரு கணக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். விமானி ஆக விரும்புகிறவர்கள் உலகெங்கும் அதிகமாக ஓட்டிப் பழகும் விமானங்களில் ஒன்று செஸ்னா 172. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின். கடல் மட்டத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 700 அடி, அதாவது 210 மீட்டர் மேலேறும். தரையை விட்ட செஸ்னா அத்திப்பட்டுப் புகைபோக்கியின் உச்சிக்குச் சமமாக வர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். சிறு விமானங்களின் மோசமான விபத்துகள் பலவும் இந்த ஒரு நிமிடத்துக்குள், இந்த உயரத்துக்குக் கீழேதான் நடந்திருக்கின்றன.

தமிழ் ரசிகர்களுக்கு மறக்காத ஒரு தேதி, 2004 ஏப்ரல் 17. மக்களவைத் தேர்தல் நேரம். ‘அருணாசலம்’, ‘படையப்பா’ படங்களில் நடித்த சௌந்தர்யா, பிரசாரத்துக்காக பெங்களூரு ஜக்கூர் விமானத் திடலிலிருந்து கரீம்நகருக்குப் புறப்பட்டார். விமானம் செஸ்னா 180, அதுவும் ஒற்றை எஞ்சின்தான். எழும்பிய சற்று நேரத்தில், சில நூறு அடிகூட எட்டாத நிலையில், அது சாய்ந்து பக்கத்திலிருந்த வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. அவரும் அவருடைய சகோதரரும் உட்பட விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தார்கள்.

2015 டிசம்பர் 22 காலை, டெல்லி. எல்லைப் பாதுகாப்புப் படையின் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று, பீச்கிராஃப்ட் கிங் ஏர் பி200, ராஞ்சியில் பழுதாகி நின்ற ஹெலிகாப்டரைச் சரிசெய்யப் போகும் தொழில்நுட்பப் பணியாளர்களை ஏற்றிக்கொண்டு பாலம் விமான நிலையத்திலிருந்து கிளம்பியது. ஓடுபாதையை விட்ட சிறிது நேரத்திலேயே இடப்பக்கம் சாய்ந்து, துவாரகா பகுதியில் சுவரில் மோதி நொறுங்கியது. பத்துப் பேரும் இறந்தார்கள்.

ஒன்றில் ஒரு எஞ்சின், மற்றதில் இரண்டு. ஒன்று வெயில் ஏறிய முற்பகல், மற்றது பனி மூடிய காலை. ஆனால் இரண்டிலும் விமானிக்குக் கிடைக்காமல் போனவை ஒன்றே: உயரமும் நேரமும்.

இறக்கை ஏன் கைவிடுகிறது?

எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கை. எஞ்சினின் வேலை வேகம் கொடுப்பது. எஞ்சின் நின்ற பிறகும் மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால், விமானம் இறங்கிக்கொண்டே அந்த வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். ஒரு மீட்டர் உயரத்தை இழந்தால் செஸ்னா 172 சுமார் ஒன்பது மீட்டர் முன்னே சறுக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றாலும் 18 கிலோமீட்டர் கையில் இருக்கிறது. இறங்க இடம் தேடலாம், எரிபொருள் வால்வைப் பார்க்கலாம், எஞ்சினை மறுபடி கிளப்பிப் பார்க்கலாம், ரேடியோவில் உதவி கேட்கலாம்.

புறப்படும்போது இதில் எதுவும் இல்லை. எரிபொருள் நிறைந்திருப்பதால் எடை அதிகம். வேகம் தேவைக்குக் கொஞ்சம்தான் மேலே. மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறது. இந்த நிலையில் எஞ்சின் அடங்கினால், மூக்கைத் தாழ்த்தாத ஒவ்வொரு விநாடியும் வேகம் கரையும்.

வேகம் குறையக் குறைய, விமானத்தைத் தாங்க இறக்கை காற்றை மேலும் நிமிர்ந்த கோணத்தில் சந்திக்க வேண்டியிருக்கும். ஏறக்குறைய 15, 16 டிகிரி வரை இது பலிக்கும். அதைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு சுழலாகிவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும். விமானிகள் இதை ‘ஸ்டால்’ என்பார்கள். ஒரு பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆனால் விமானம் அந்தப் பக்கம் கவிழ்ந்து சுழலத் தொடங்கும். ஆயிரம் மீட்டரில் இதிலிருந்து மீளலாம். பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். நூறு மீட்டரில் மீள இடம் கிடையாது.

இதில் இன்னொரு கொடுமை, திருப்பம். விமானம் சாய்ந்து திரும்பும்போது இறக்கை அதன் எடையையும் தாங்க வேண்டும், பக்கவாட்டில் இழுக்கவும் வேண்டும். 45 டிகிரி சாய்வில் இறக்கை சுமப்பது எடையைப் போல 1.4 மடங்கு, 60 டிகிரியில் இரண்டு மடங்கு. நேராகப் பறக்கையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானம், 45 டிகிரி சாய்வில் 107-லேயே ஸ்டால் ஆகும். 60 டிகிரியில் 127-ல். எஞ்சின் நின்ற செஸ்னா சறுக்கும் வேகமோ மணிக்கு 120. பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்துவிட்டால், அதே வேகத்தில் பத்திரமாக இருந்த இறக்கை கைவிட்டுவிடும்.

திரும்பிவிடலாம் என்ற ஆசை

எஞ்சின் நின்றதும் எந்த விமானிக்கும் முதலில் தோன்றுவது, இப்போதுதான் விட்டுவந்த ஓடுபாதைக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான். அது பின்னால்தானே இருக்கிறது! இந்த நினைப்புக்கு உலகம் முழுக்க உயிர்கள் போயிருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

தரையை விட்டு ஒரு நிமிடம் ஆகியிருக்கிறது. உயரம் 210 மீட்டர். மணிக்கு 139 கிலோமீட்டர் வேகத்தில் ஏறியதால், எழும்பிய இடத்திலிருந்து 2.3 கிலோமீட்டர் தள்ளி வந்தாயிற்று. எஞ்சின் அடங்குகிறது. நடந்ததை மனம் நம்பிக் கை அசையவே மூன்று நான்கு விநாடி போகும். பிறகு திருப்பம். 180 டிகிரி போதாது. அரைவட்டம் அடித்து முடித்தால் விமானம் ஓடுபாதைக் கோட்டிலிருந்து இருநூறு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகி நிற்கும். ஆகவே 210 டிகிரி ஒரு பக்கம், 30 டிகிரி மறுபக்கம் என்று திரும்பினால்தான் நேர்க்கோட்டுக்கு வர முடியும். 45 டிகிரி சாய்வில் இதற்கு 14 விநாடி; இழக்கும் உயரம் 90 மீட்டர் போல. தயங்கிய நேரத்தையும் சேர்த்தால் 120 மீட்டர் காலி. மிச்சமிருக்கும் 90 மீட்டரில் சறுக்கக்கூடியது 810 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீள ஓடுபாதை என்றால், அதன் அருகிலுள்ள முனைகூட ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கும்.

காரணம் எளிது. இந்த விமானம் ஒரு மீட்டர் ஏறுவதற்குள் கிட்டத்தட்ட 11 மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. ஆனால் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒன்பது மீட்டர்தான் திரும்பி வர முடிகிறது. நேரே ஏறிக்கொண்டே போகும் வரை, ஏறிய வழியில் திரும்பி வரும் அளவுக்கு உயரம் சேர்வதில்லை. பாதை மிக நீளமாக இருந்தாலோ, திரும்பும்போது பின்காற்று நன்றாகத் தள்ளினாலோ மட்டும் கணக்கு மாறலாம். அப்படித் தள்ளும் பின்காற்றும் சும்மா விடாது. தரையைத் தொடும் வேகத்தைக் கூட்டிவிடும்.

அதனால்தான் பயிற்சிப் பள்ளிகளில் முதல் பாடமாகச் சொல்வது: போதிய உயரம் வரும் வரை திரும்பாதே, நேரே முன்னால், இடமோ வலமோ 30 டிகிரிக்குள், இருப்பதில் நல்ல இடமாகப் பார்த்து இறங்கு. விமானம் உடைந்தால் உடையட்டும். எண்ணூர் குப்பங்களில் கடலுக்குள் படகு தள்ளுகிறவர்களுக்கு இந்தப் பாடம் புதிதாக இராது. அலை உடையும் இடத்தைத் தாண்டுவதற்குள் எஞ்சின் நின்றுபோனால், கரை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் படகின் பக்கவாட்டை அலைக்குக் காட்டித் திருப்ப மாட்டார்கள். திருப்பினால் கவிழும் என்று தெரியும்.

சரி, நேரே முன்னால் என்ன இருக்கிறது? காசிமேட்டிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக ஒரு சிறு ஓடுபாதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 210 மீட்டர் உயரத்தில், திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்கு மேலே எஞ்சின் நிற்கிறது. சறுக்கு தூரம் 1.9 கிலோமீட்டர், எர்ணாவூர்கூட எட்டாது. கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலை. மேற்கே மின்கம்பிகள் ஓடும் ரயில் பாதை, தொழிற்சாலைக் கூரைகள், அதற்கப்பால் மணலியின் எண்ணெய்த் தொட்டிகள். நடுவில் இடைவெளியே இல்லாத வீடுகள். கிழக்கே கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் தூண்டில் வளைவுகளும். இத்தனையிலும் திறந்த இடம் கடல் ஒன்றுதான். செஸ்னாவின் சக்கரங்கள் மடங்காதவை. தண்ணீரில் இறங்கினால் அவை முதலில் மாட்டி விமானம் மூக்கு குத்திக் கவிழக்கூடும். இருந்தும் விமானி கடலைத்தான் தேர்ந்தெடுப்பார், அதுவும் உதவிக்குப் படகு தெரிகிற பக்கமாக.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் இந்த வட்டாரத்தில் சோழவரத்தில் ஓடுபாதை போட்டார்கள். செங்குன்றம் ஏரியில் கேடலினா என்னும் நீர்விமானங்களை இறக்கினார்கள். அன்று சோழவரத்தில் காலி நிலம் இருந்தது, ஏரியில் திறந்த நீர்ப்பரப்பு இருந்தது. போர் முடிந்து சோழவரம் ஓடுபாதை கார், பைக் பந்தயங்களுக்குப் போனது. இன்று அந்த வட்டாரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடோன்கள் நிற்கின்றன.

எஞ்சின் ஏன் அடங்குகிறது?

பெரும்பாலும் சின்ன விஷயங்களால். விமானத்தை எடுப்பதற்கு முன் விமானி இறக்கையின் அடியில் குனிந்து, ஒரு கண்ணாடிக் குப்பியை வால்வில் அழுத்திக் கொஞ்சம் பெட்ரோல் பிடிப்பதைப் பார்க்கலாம். சிறு விமானங்களுக்கான பெட்ரோல் இளநீல நிறம். குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். அடியில் நிறமில்லாத குமிழ் உருண்டால் அது தண்ணீர். பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். பாதி காலியான டேங்கில் இரவெல்லாம் ஈரக்காற்று குளிர்ந்தாலே தண்ணீர் சேரும். மழைக்காலத்தில் மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். விமானம் மூக்கை நிமிர்த்தும் அந்தக் கணத்தில் அடியிலிருந்த தண்ணீர் நகர்ந்து எஞ்சினுக்குள் போகலாம். குப்பியில் தண்ணீர் வராத வரை வடித்துக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்தது பனிக்கட்டி. சென்னையில் பனிக்கட்டியா என்று கேட்கலாம். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பாய்வதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் அங்கே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். மார்கழிக் காலையில் 22 டிகிரியும் கனத்த ஈரப்பதமும் இருந்தால், ஓடுபாதைக்கு மெதுவாக உருண்டு போகும்போதே உள்ளே பனி படிய முடியும். முழு விசை கேட்கும்போது எஞ்சின் மூச்சுத் திணறும். இதற்காகவே சூடான காற்றைத் திருப்பிவிடும் ஒரு நெம்புகோல் வைத்திருக்கிறார்கள்.

வெப்பமும் தன் பங்கைக் கேட்கும். சூடான காற்று மெலிந்தது. திட்ட அளவாக 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. சென்னையின் 38 டிகிரி வெயிலில் அது 1.13-க்கு இறங்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் 32 டிகிரி என்றால் 1.04 மட்டுமே. எஞ்சின், புரொப்பெல்லர், இறக்கை மூன்றுமே காற்றைக் கொண்டு வேலை செய்பவை. மூன்றும் ஒரே சமயத்தில் மெலியும். கோடையில் அதே விமானம் நீண்ட தூரம் ஓடித்தான் எழும்பும், மெதுவாகத்தான் ஏறும்.

கடற்காற்றின் சங்கதி வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். கோடைக் காலையில் எண்ணூர்ப் புகை கடலை நோக்கிப் போகும். நண்பகல் கடந்து கடற்காற்று ஏறியதும் ஊருக்குள் திரும்பும். விமானங்கள் எதிர்காற்றில்தான் கிளம்ப வேண்டும் என்பதால் மீனம்பாக்கத்திலும் அந்த நேரத்தில் புறப்படும் திசை மாறும். மாறும் அந்தச் சில நிமிடங்களில் எதிர்காற்று என்று நம்பிக் கிளம்பியவருக்குப் பின்காற்று கிடைத்தால், இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகம் திடீரென்று குறையும்.

எஞ்சின் நன்றாக இருந்தும் விழுந்த விமானங்கள் உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் ‘மாடல் 299’ எழும்பியதும் செங்குத்தாக நிமிர்ந்து, ஸ்டால் ஆகி விழுந்தது. நிறுத்தியிருக்கும்போது காற்றில் வால் பகுதி அசையாமலிருக்கப் போட்ட பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர் தேர்ந்த விமானி. நினைவை நம்பாமல் எழுதி வைத்ததை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் ‘செக்லிஸ்ட்’ பழக்கம் விமானத்துறையில் வேரூன்றியது அந்த விபத்துக்குப் பிறகுதான்.

துவாரகா விபத்தும் இந்த வகைதான். போதிய உயரம் வருமுன்பே ஆட்டோபைலட்டை இயக்கியிருக்கிறார்கள், ஆனால் எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லும் நிலையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. விமானம் மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. பனிமூட்டத்தில் தொடுவானம் தெரியாது. விநாடிக்கு இரண்டு டிகிரிக்கும் குறைவான சுழற்சியை நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணராது. உடம்பு நேராக இருப்பதாகவே நம்பும். அந்நேரம் கருவியை மட்டுமே நம்ப வேண்டும். கூடிக்கொண்டே போன சாய்வு திருத்தப்படவில்லை.

இரண்டு எஞ்சின் இருந்தால் பயமில்லை என்பதும் அரைகுறை உண்மைதான். ஒன்று நின்றால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்ப முயலும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே வாலில் உள்ள ரடரால் அதை எதிர்த்து நிற்க முடியாது. அப்போது ஓடும் எஞ்சினே விமானத்தைக் கவிழ்க்கும்.

முடிவு தரையிலேயே எடுக்கப்படுகிறது

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய ஏர்பஸ் ஒன்றின் இரண்டு எஞ்சின்களும் பறவைகள் மோதி அடங்கின. கேப்டன் சல்லன்பெர்கர் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பிறகு சிமுலேட்டரில் சோதித்தபோது, பறவை மோதிய உடனே திரும்பிய விமானிகளில் சிலரால் ஓடுபாதைக்கு வர முடிந்தது. யோசிக்க 35 விநாடி சேர்த்துப் பார்த்ததும் விமானம் வந்து சேரவில்லை. அவருக்கு அப்போது சுமார் 850 மீட்டர் உயரம் இருந்தது. புகைபோக்கி உயரத்தில் இருப்பவருக்கு அந்த 35 விநாடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனவே யோசிப்பதைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். நல்ல விமானி ஓடுபாதை முனையில் நின்று, தனியாக இருந்தாலும் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்: “எழும்புவதற்கு முன் ஏதாவது என்றால் விசையை மூடி நிறுத்துவேன். எழும்பிய பின் ஆயிரம் அடிக்குக் கீழே என்றால் மூக்கைத் தாழ்த்தி நேரே இறங்குவேன். வலப்பக்கம் அந்த வயல். ஆயிரத்துக்கு மேலே என்றால் மட்டும்தான் திரும்புவது.” சொல்லி வைத்தால் கை தானாக அதைச் செய்யும்.

கிடைத்த இடத்தில் இறங்குவதன் பலனைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று வழியில் கோளாறாகி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே தேசிய நெடுஞ்சாலையில் இறங்கியது. விமானத்தில் இருந்தவர்கள் நடந்து வெளியே வந்தார்கள். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இடம் இருந்தது என்பதும் அதில் சேர்த்தி.

கீழே யார் இருக்கிறார்கள்?

விமானி எவ்வளவு சரியாக நடந்துகொண்டாலும், இறங்க இடம் வேண்டும். அது விமானியின் கையில் இல்லை. ஊரைத் திட்டமிடுகிறவர்கள் கையில் இருக்கிறது. ஜக்கூரில் விமானம் விழுந்தது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகத்தில். இறந்த நால்வரும் விமானத்தில் இருந்தவர்கள். துவாரகாவிலும் அப்படியே. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787, எழும்பிய 32 விநாடியில் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடங்கள் மேல் விழுந்தபோது தரையில் மட்டும் 19 பேர் இறந்தார்கள். அது சிறு விமானம் அல்ல. ஆனாலும் அந்த முதல் நிமிடமும் அதன் கணக்கும் ஒன்றுதான்.

நம் நாட்டில் விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டடம் கட்ட விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். சென்னைக்கும் நிறம் பிரித்த வரைபடம் இருக்கிறது. எந்த இடத்தில் எத்தனை மீட்டர் வரை கட்டலாம் என்று அதில் பார்க்கலாம். இந்த விதிகள் முக்கியமாகப் பார்ப்பது உயரத்தை. ஓடுபாதை முனைக்கு நேர் எதிரே இரண்டு மாடியில் விடுதியோ பள்ளியோ வந்தால், உயரம் சரி என்ற அளவில் விஷயம் முடிந்துவிடுகிறது. பிரிட்டனில் 1950-களின் பிற்பகுதியிலிருந்தே ஓடுபாதை முனைகளுக்கு அப்பால் ‘பொதுப் பாதுகாப்பு மண்டலம்’ குறித்து, அங்கே ஆட்கள் கூடும் புதுக் கட்டடங்களைத் தடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஓடுபாதை முனையை ஒட்டிய நிலத்தை ஆள் நடமாட்டமின்றி வைக்கச் சொல்கிறார்கள்.

அபாயத்துக்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும் என்ற கேள்வி வடசென்னைக்குப் பழக்கமானது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தத் தூரம் இல்லாததால்தான். தொழிற்சாலை முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா என்று பின்னால் வழக்காடிப் பயனில்லை.

பரந்தூர், ஓசூர் விமான நிலையங்கள் இன்னும் வரைபடத்தில்தான் இருக்கின்றன. பரந்தூரில் நிலத்துக்காக ஏகனாபுரத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கும்போது, ஓடுபாதைக்கு அப்பாலும் இடம் விடச் சொல்வது கூடுதல் நிலம் பறிக்கச் சொல்வது போலக் கேட்கலாம். அப்படி இருக்க வேண்டியதில்லை. வயல் வயலாகவே, ஏரி ஏரியாகவே அவரவர் கையில் இருந்தால் போதும். மனை போட்டு விற்கவும் விடுதி எழுப்பவும் அனுமதி தராமல் இருந்தால் சரி. புறப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் எஞ்சினை இழக்கும் விமானி எதிரே தேடுவது அந்த வயலைத்தான். அதை அவருக்காக விட்டுவைப்பதா என்பது, ஓடுபாதைக்குக் கோடு போடும் இப்போதே முடிவாக வேண்டிய விஷயம்.